வெர்னா ஷிமெக் கைகளின் மேல் உட்கார்ந்த கதை

வெர்னா ஷிமெக்கைப் பற்றி எழுத ஷேல் கிரீக்கில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. படித்தவர்கள் இரண்டு பேர் முயன்று பார்த்துவிட்டார்கள். ஒருவர் அவளைப் பேயாக்கினார், இன்னொருவர் தேவதையாக்கினார். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முதுகைக் காட்டியவன். எனக்குப் பேயும் தெரியாது, தேவதையும் தெரியாது. இரும்பு தெரியும். வெறுங்கையோடு தொடங்கி இன்று பதினோரு ஏக்கர் காயலான் கடை, மூன்று இழுவை வண்டிகள், காரை அப்பளமாக நசுக்கும் இயந்திரம் ஒன்று என்று நிமிர்ந்து நிற்கிறேன். பென்சில்வேனியாவின் இந்த மூலையில் யாருடைய வண்டி எந்த மரத்தில் மோதினாலும் கடைசியில் கஸ் மெர்விக்கின் வேலிக்குள்தான் வந்து சேர வேண்டும். வெர்னாவும் அப்படித்தான் வந்து சேர்ந்தாள்.

அவள் புருஷன் கார்ல் ஷிமெக்கை எனக்கு நன்றாகத் தெரியும். கூரை வேய்கிற வேலை. வெயில் காலத்தில் நல்ல சம்பாத்தியம், பனிக் காலத்தில் நல்ல குடி. வெர்னாவின் தாடையை அவன் இரண்டு முறை உடைத்தான். முதல் முறை மருத்துவமனையில் கேட்டபோது, வாசல் பனியில் வழுக்கி விழுந்தேன் என்றாள். இரண்டாவது முறையும் அதையேதான் சொன்னாள். அது ஜூலை மாதம். மருத்துவர் அதையும் எழுதிக்கொண்டார். எங்கள் ஊர் அப்படி. அடுத்த வீட்டுக்காரனின் நாய் குரைத்தால் போலீஸைக் கூப்பிடுவோம், அடுத்த வீட்டுக்காரி அலறினால் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவோம்.

பிறகு ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கார்ல் அவளைச் சுவரோடு வைத்து நெரிக்கும்போது, அவள் கைக்கு எட்டியதை எடுத்து அவன் தலையில் அடித்தாள். முழங்காலிட்டு விழுந்தான். அவள் மறுபடியும் அடித்தாள். அதோடு முடிந்தான். நீதிமன்றத்தில் ஜூரிகள் முதல் அடியை மன்னித்துவிட்டார்கள். அது உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அடித்தது. இரண்டாவது அடிக்குத்தான் சிறை. விழுந்தவனை அடித்தாயே, அது எதற்கு என்று அரசு வக்கீல் கேட்டார். "எந்திரிச்சிருவான்னு தெரியும்" என்றாள் வெர்னா. அது பதிலாக ஏற்கப்படவில்லை.

எதை எடுத்து அடித்தாள்? ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: வார்ப்பிரும்பு வாணலி. மதுக்கடையில் அதை வைத்து எத்தனையோ நகைச்சுவை உண்டு. அவளுக்குப் பேரே "வாணலி வெர்னா" என்று ஆகிவிட்டது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்; மாவட்ட நீதிமன்றத்துக்கு எங்கள் ஊரில் யாரும் போகவில்லை, எல்லாம் காதில் விழுந்ததுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் சிறையில் அவள் கற்றது பொது அறிவு. சிரிக்காதீர்கள். கலவரம் நடந்தால் எல்லாரையும் நாள் கணக்கில் அறைக்குள் பூட்டிவிடுவார்கள். அப்போது பெண்கள் கதவின் கீழ்ச் சந்தில் வாயை வைத்து ஒருத்திக்கொருத்தி கேள்வி கேட்டுக் கத்துவார்களாம். எந்த ஜனாதிபதியைச் சுட்டது யார், எந்த மாநிலம் எந்த ஆண்டு சேர்ந்தது, எல்விஸ் பிரெஸ்லி பிறந்த ஊர் எது. ஜெயித்தவளுக்கு ஒரு பாக்கெட் நூடுல்ஸ். தோற்றவள் மறுநாள் குளிக்கும் இடத்தில் தன் கோபத்தைக் காட்டுவாள். காலுறைக்குள் பூட்டைப் போட்டுச் சுழற்றி அடிப்பது அங்கே ஒரு வித்தை. ஒரே அடியில் காது கிழிந்து தொங்கியதைப் பார்த்திருக்கிறாளாம்.

அங்கே ஒரு கேள்வியால் வெர்னா ஒரு வருடத்தை இழந்தாள். விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கர் யார்? எதிர் அறைக்காரி ஜான் கிளென் என்றாள். வெர்னா ஆலன் ஷெப்பர்டு என்றாள். கிளென் பூமியைச் சுற்றி வந்தவர், அதற்கு முந்திய வருடமே ஷெப்பர்டு மேலே போய் இறங்கிவிட்டார். வெர்னா சொன்னதுதான் சரி. மறுநாள் சாப்பாட்டு வரிசையில் எதிர் அறைக்காரி அவள் முகத்தில் துப்பினாள். வெர்னா தட்டின் விளிம்பால் அவள் மூக்கை உடைத்துவிட்டாள். அந்த மாதம் வெர்னாவுக்கு விடுதலைக்கான விசாரணை இருந்தது. கோப்பைத் திறந்தார்கள், மூக்கைப் பார்த்தார்கள், அடுத்த வருடம் வா என்று மூடிவிட்டார்கள்.

"சரியான பதிலுக்கு ஒரு வருஷம் குடுத்தாங்க, கஸ்," என்பாள். "தப்பா சொல்லிருந்தா வீட்டுக்கு வந்திருப்பேன்."

அதற்குப் பிறகு சண்டை வாசனை அடித்தாலே அவள் உட்கார்ந்துவிடுவாள். இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, உடம்பின் பாரத்தை அதன் மேல் வைத்து அழுத்திக்கொள்வாள். மேலே எச்சில் விழட்டும், காபி விழட்டும், அடி விழட்டும், கை மட்டும் வெளியே வராது. நாயைச் சங்கிலியில் கட்டுவதைப்போல அவள் தன் கையைக் கட்டினாள்.

மீதித் தண்டனையை வெளியே கழிக்கட்டும் என்று பரோலில் அனுப்பியபோது அவளுக்கு யாரும் வேலை தரவில்லை. நான் தந்தேன். என்னைப் பெரிய மனசுக்காரன் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் உண்மைக் காரணம், முதல் நாளே அவள் ஒரு லாரியின் கியர் பெட்டியைத் தனி ஆளாகக் கழற்றிப் போட்டாள். என் ஆட்கள் இரண்டு பேர் சேர்ந்து அரை நாள் எடுக்கிற வேலை. கடையின் ஓரத்தில் சக்கரம் வைத்த பழைய வீட்டு வண்டி ஒன்று கிடந்தது. அதில் குடிவைத்தேன். முதல் வாரம் முழுக்க அந்தக் கதவை அவள் உள்ளிருந்து பூட்டுவதும் திறப்பதுமாக இருந்தாள். என் மனைவி ஆர்லீன் பயந்துவிட்டாள்.

"என்னம்மா, தாழ்ப்பாள் சரியில்லையா?"

"சரியாத்தான் இருக்கு, ஆர்லீன். உள்ள இருந்து தெறக்குது பாருங்க. அதான்."

பரோல் அதிகாரி டாலிவர் அம்மா மாதம் ஒரு முறை வருவார். நல்லவர்தான், ஆனால் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர். என் எதிரிலேயே வெர்னாவிடம் சொன்னார்: "யார் மேலயாவது கை வெச்சேன்னு வைய்யி, அவங்க மேல தப்பா உன் மேல தப்பான்னு நான் கேக்க மாட்டேன். அன்னைக்கே உள்ள. வெளிய கழிச்ச நாளெல்லாம் கணக்குல வராது, மிச்ச வருஷம் மொத்தமும் உள்ள. புரியுதா?"

"புரியுதுங்க."

"வர்ற ஜூனுக்கு அடுத்த ஜூன் வரைக்கும் பல்லக் கடிச்சிக்க. அப்புறம் நீ யாரோ, நான் யாரோ."

எங்கள் தீயணைப்புச் சங்க மண்டபத்தில் பனிக்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை மதியம் பொது அறிவுப் போட்டி நடக்கும். அமெரிக்க வரலாறு, பாட்டுக்காரர்கள், பேஸ்பால், குத்துச்சண்டை. பருவம் முடிந்து ஜெயிக்கும் அணிக்கு அரைப் பன்றி, வெட்டிப் பொட்டலம் கட்டியே கொடுப்போம். அந்தப் பன்றியை வாங்கித் தருவது ஒவ்வொரு வருடமும் நான்தான். மற்ற ஊர்களில் இப்படிப் போட்டி சிரிப்போடு முடியும். எங்கள் ஊர்க்காரர்கள் தோற்கத் தெரியாதவர்கள். அட்லாண்டிக் கடலை நிற்காமல் பறந்து கடந்த முதல் ஆள் லிண்ட்பெர்க் இல்லை, அவருக்கு முன்பே ஆல்காக், பிரவுன் என்ற இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் கடந்துவிட்டார்கள், லிண்ட்பெர்க் தனியாகக் கடந்தவர்களில்தான் முதல்வர் என்று சொன்னதற்காக, கேள்வி வாசித்த பட்ச் ஓகர்மனின் முகத்தில் ஒருவன் பீர்க் குவளையை இறக்கினான். புருவத்துக்கு மேலே கிழிந்து தையல் போட்டார்கள். பட்ச் எங்கள் தீயணைப்புப் படைத் தலைவன். எரிகிற வீட்டுக்குள் நுழைகிறவன். அவனே மைக்கைக் கீழே வைத்துவிட்டான்.

"நெருப்புன்னா தண்ணி அடிச்சா அணையும்," என்றான். "இவனுங்களுக்கு என்னத்த அடிக்கிறது?"

நான் வெர்னாவின் பெயரைச் சொன்னேன். எல்லாரும் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ஆனால் ஷேல் கிரீக்கில் யார் அவள் முகத்தில் குவளையை இறக்குவான்? எல்லாருக்கும் வாணலிப் பயம். டாலிவர் அம்மாவிடம் அனுமதி வாங்கினேன். குடிக்கக் கூடாது, மதுப் பக்கம் போகக் கூடாது, மேடையில் உட்கார்ந்து வாசிக்கலாம். வெர்னா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, கைகளைத் தொடைக்கு அடியில் கொடுத்து, கம்பியில் மாட்டிய மைக்கில் வாசித்தாள். அட்டையைப் பிடித்துக் காட்டுவது ஆர்லீன். கை குளிர்கிறதா என்று சிலர் கேட்டார்கள். ஆமாம் என்றாள்.

நல்ல குரல் அவளுக்கு. இரும்புக் கதவு வழியாகக் கத்திப் பழகிய குரல். பதிலைச் சொல்லிவிட்டு மண்டபத்தை ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான், மறுபேச்சு இருக்காது. ஒரு பனிக்காலம் முழுக்க ஒரு பல்கூட உடையவில்லை.

அடுத்த பனிக்காலத்தில் ராய்ஸ் ஷிமெக் வந்தான்.

ராய்ஸ், கார்லின் தம்பி. வழக்கு நடந்தபோது அவன் டெக்சாஸில் எண்ணெய்க் கிணற்றில் இருந்தான். வழக்குக்கும் வரவில்லை, அண்ணனைப் புதைக்கவும் வரவில்லை. எல்லாம் முடிந்து புல் முளைத்த பிறகு, பெரிய சிவப்பு பிக்கப் ஒன்றில் வந்து இறங்கி, அண்ணனுக்காக அழத் தொடங்கினான். மூன்று முரட்டுப் பயல்களைச் சேர்த்து ஓர் அணி அமைத்தான். மேடைக்கு நேர் எதிரே முதல் மேசை. அவனுக்கு எந்தக் கேள்விக்கும் பதில் தெரியாது. அவன் பன்றிக்காக வரவில்லை. அவனுக்கு வேண்டியது வெர்னாவின் ஓர் அடி. அவள் ஒரே ஒரு முறை அவன் மேல் கை வைத்தால் போதும், மிச்ச வருடங்கள் முழுக்க உள்ளே போய்விடுவாள். மதுக்கடையில் அவனே அதை வாய்விட்டுச் சொன்னான்.

"என்னை அடிக்க வெக்கிறேன் பாரு. ஒரு அறை வாங்கிக்கிறேன், அவ மிச்ச வருஷத்த வாங்கிக்கட்டும்."

ஒவ்வொரு ஞாயிறும் ஏதாவது செய்தான். மேடையைக் கடக்கும்போது அவள் மடியில் பீரைக் கொட்டினான். "ஐயோ அண்ணி, கை தவறிடுச்சு." அவள் முகத்துக்கு நேரே வந்து மீனுக்கு இரை காட்டுவதுபோல் கன்னத்தைக் காட்டினான். "இந்தாங்க அண்ணி, இங்க. அண்ணனுக்குக் குடுத்தீங்களே, தம்பிக்குக் கிடையாதா?" ஒரு முறை எரிகிற சிகரெட்டை அவள் முழங்காலில் வைத்து அணைத்தான். துணி கருகும் வாசம் என் மேசை வரை வந்தது. நான் எழுந்தேன்.

"ஒக்காரு, கஸ்," என்றாள் மைக்கில், மண்டபம் முழுக்கக் கேட்க. "அடுத்த கேள்வி, ஆர்லீன்."

அன்று மாலை ஆர்லீன் களிம்பு போட்டுக்கொண்டே அழுதாள். "விட்டுத் தொலைம்மா இந்த வேலைய. வேற யாராச்சும் வாசிக்கட்டும்."

"விட்டா கடைக்கு வருவான். கடைய விட்டா வண்டிக் கதவுக்கு வருவான். இங்கன்னா ஊரே பாக்குது, ஆர்லீன். பாக்கட்டும்."

எங்கள் போட்டியில் டப்பா என்று ஒரு வழக்கம் உண்டு. வேறு ஊரில் பார்த்ததில்லை. ஒவ்வொரு அணியும் தன் சொந்தக் கேள்வி ஒன்றை எழுதிப் பழைய காபி டப்பாவில் போடலாம். டப்பாவிலிருந்து வருவதை வாசிப்பவர் ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் வாசித்தே ஆக வேண்டும். மற்ற அணிகள் பதில் சொல்லலாம். யாருமே சொல்லாவிட்டால் கேள்வி போட்ட அணித் தலைவன் எழுந்து நின்று தானே பதில் சொல்ல வேண்டும். அவன் பதில் தப்பாக இருந்தால் அந்த அணி பருவம் முழுக்க வெளியே. தெரியாததைக் கேட்டு அடுத்தவனை மடக்காதே என்பதற்காக என் மாமனார் காலத்தில் போட்ட விதி. டப்பாவை மறுத்த ஆள் மேடையில் இருக்க முடியாது. ராய்ஸுக்கு இந்த விதி தெரிந்தது. பாதி தெரிந்தது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. வெளியே பனி இடுப்பளவு. மண்டபம் நிரம்பி, ஈரக் கோட்டுகளின் நாற்றமும் உருளைக்கிழங்கு அடைத்த பியரோகிக் கொழுக்கட்டையை வெண்ணெயில் புரட்டும் வாசமும் சேர்ந்து கிடந்தது. வெர்னா அட்டையில் இருந்ததை வாசித்தாள்.

"ஆயிரத்து எண்ணூத்தி ஐம்பத்தாறு. செனட் சபைக்குள்ளயே புகுந்து, ஒக்காந்திருந்த செனட்டர் சார்ல்ஸ் சம்னர கைத்தடியால அடிச்ச காங்கிரஸ்காரர் யாரு?"

"பிரெஸ்டன் புரூக்ஸ்," என்றது எங்கள் மாதா கோயில் கன்னியாஸ்திரீகள் அணி. அவர்களுக்குத் தெரியாத அடிதடி கிடையாது.

"சரி. தெற்கு கரோலினா. சம்னரோட மேசைய தரையில திருகி வெச்சிருந்தாங்க. காலு உள்ள மாட்டிக்கிச்சு. எந்திரிக்க முடியாம, மேசையப் பேத்துக்கிட்டு எந்திரிச்சாரு. தடி ஒடஞ்சும் அடிச்சான்."

"நல்ல மனுசன்!" என்று கத்தினான் ராய்ஸ். அவன் பயல்கள் மேசையைத் தட்டினார்கள். "அப்புறம் அவனுக்கு என்ன ஆச்சுன்னும் சொல்லுங்க அண்ணி!"

"பதவிய விட்டான். அவன் ஊர்க்காரங்க மறுபடி ஓட்டுப் போட்டு அனுப்பினாங்க. புதுத் தடியும் வாங்கி அனுப்பினாங்க," என்றாள் வெர்னா. "ஊருன்னா அப்படியும் இருக்கும். டப்பா எடு, ஆர்லீன்."

ஆர்லீன் டப்பாவுக்குள் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்தாள். அதைப் பார்த்ததும் அவள் முகம் செத்துவிட்டது. சீட்டைக் கசக்கப் போனாள்.

"காட்டு," என்றாள் வெர்னா.

"வேணாம்மா."

"காட்டுன்னு சொல்றேன்ல."

ஆர்லீன் சீட்டைத் தூக்கிப் பிடித்தாள். வெர்னா ஒரு மூச்சு எடுத்து, குரல் இறங்காமல் வாசித்தாள்.

"நம்ம ஊர்ல வெர்னா ஷிமெக்ங்கற நாய், பொன்னான புருஷன் கார்ல் ஷிமெக்க எதால அடிச்சுக் கொன்னா?"

அடுப்பில் வெண்ணெய் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது. மண்டபத்தில் இருந்த ஒவ்வொருவனுக்கும் பதில் தெரியும், தெரியும் என்று நினைத்தார்கள். மதுக்கடையில் நூறு முறை சொல்லிச் சிரித்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சில பேர் பீரைப் பார்த்தார்கள், சில பேர் பூட்ஸைப் பார்த்தார்கள். என் ஊரை நினைத்து நான் அன்றுதான் முதல் முறையாகப் பெருமைப்பட்டேன்.

"யாரும் இல்லையா?" என்றாள் வெர்னா. "அப்ப டப்பா விதி. கேள்வி போட்ட அணித் தலைவரு எந்திரிங்க."

ராய்ஸ் சிரித்தபடி எழுந்தான். இதற்குத்தானே காத்திருந்தான். "நான்தான் அண்ணி. வாணலி. வார்ப்பிரும்பு வாணலி!"

"தப்பு."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. "என்னது?"

"தப்புன்னு சொன்னேன். கேட்டவருக்கே பதில் தெரியல. ஷிமெக் அணி இந்தப் பருவத்துக்கு வெளிய. கோட்ட எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க."

"ஊருக்கே தெரியும்டி வாணலின்னு!"

"ஊருக்குத் தெரியும். எனக்குத்தான் நடந்தது." வெர்னா மைக்கிடம் இன்னும் கொஞ்சம் குனிந்தாள். "இஸ்திரிப் பெட்டி. நீராவி வர்ற ரகம், நல்ல கனம். எங்க கல்யாணத்துக்கு நீங்க வாங்கிக் குடுத்தது, கொழுந்தனாரே. சூடா இருக்கறப்ப அதை என் மூஞ்சில வெக்க வந்தான் உங்க அண்ணன், நான் தட்டிவிட்டதும் கழுத்தப் புடிச்சான். கோர்ட்டுல மேசை மேல நாள் முழுக்க வெச்சிருந்தாங்க. வந்திருந்தா பாத்திருப்பீங்க."

யாரோ பின்மேசையில் சிரித்துவிட்டார்கள். ஒரே ஒரு சிரிப்பு. அது போதுமானதாக இருந்தது.

ராய்ஸ் மேடையில் ஏறினான். முதல் அறை உள்ளங்கையால். அவள் தலை திரும்பி மறுபடி நேரே வந்தது. "அடிடீ!" என்று கத்தினான். "கைய எடு! அடி!" இரண்டாவது குத்து வாயில். ரத்தத்தோடு ஒரு பல் ஆர்லீனின் பாவாடையில் வந்து விழுந்தது. வெர்னாவின் தோள்கள் இரண்டும் துடிப்பதைப் பார்த்தேன். உள்ளே கட்டிய நாய் சங்கிலியை இழுக்கிறது. ஆனால் தொடை அசையவில்லை. அவள் மூக்கு வழியாக மூச்சு விட்டபடி அவன் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வைதான் அவனைக் கிறுக்காக்கியது. பூட்ஸ் காலால் நாற்காலியை ஓங்கி உதைத்தான். அது மடக்கு நாற்காலி. அவள் உட்கார்ந்தபடியே அது மடங்கியது. அவள் விரல்கள் அந்த இரும்பு மடிப்புக்குள் இருந்தன. சுள்ளி ஒடிகிற சத்தம் மைக்கில் மண்டபம் முழுக்கக் கேட்டது. அப்போதும் அவள் கையை வெளியே எடுக்கவில்லை.

நான் ஏன் அதற்குள் மேடைக்குப் போகவில்லை என்று கேட்பீர்கள். ராய்ஸின் மூன்று பயல்கள் என் வழியில் நின்றார்கள். எனக்கு அறுபத்தெட்டு வயது, அவர்களுக்கு அதில் பாதிகூட இல்லை. முதல் பயலின் தொண்டையில் என் முழங்கை. இரண்டாவது பயல் பில்லியர்ட்ஸ் கம்பை என் முதுகில் உடைத்தான், உடைந்த பாதியைப் பிடுங்கி அவன் முட்டியில் இறக்கினேன். மூன்றாவதை பட்ச் பார்த்துக்கொண்டான், காதைப் பிடித்துப் பியரோகிச் சட்டியை நோக்கித் தள்ளினான், பயல் உள்ளங்கையைக் கொதிக்கும் வெண்ணெயில் ஊன்றி ஊளையிட்டான். அதற்குள் மண்டபமே எழுந்துவிட்டது. பனிக்காலம் முழுக்க அடக்கி வைத்திருந்த கைகள். யார் யாரை அடிக்கிறார் என்று கணக்கில்லை. குவளைகள் பறந்தன. கன்னியாஸ்திரீகளில் மூத்தவர் ஒரு நாற்காலியைத் தூக்கிப் பிடித்திருந்ததை நான் கண்ணால் பார்த்தேன், அதை என்ன செய்தார் என்று பார்க்க நேரமில்லை.

ராய்ஸைக் காலரைப் பிடித்து மேடையிலிருந்து கீழே இழுத்தேன். அவன் கீழே கிடந்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தான், கையெல்லாம் அவள் ரத்தம்.

"ஒனக்கு என்ன கிழவா? அவதானே அடிக்கணும்."

"எனக்குப் பரோல் கெடையாதுடா, ராய்ஸ்," என்றேன்.

அவன் தோள்பட்டை எலும்பு உடைகிறவரை அடித்தேன். அதற்கு அபராதம் கட்டினேன். ரசீதைச் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டியிருக்கிறேன், வந்தால் காட்டுவேன்.

சண்டை ஓய்ந்து மண்டபம் மூச்சு வாங்கியபோது, மேடையில் கவிழ்ந்து கிடந்த மைக்கிலிருந்து ஒரு குரல் வந்தது. வெர்னா மடங்கிய நாற்காலியோடு பக்கவாட்டில் கிடந்தாள்.

"அடுத்த கேள்வி எடு, ஆர்லீன்."

"ஐயோ, வாயெல்லாம் ரத்தம்மா!"

"கண்ணு நல்லாத்தானே இருக்கு. காட்டு." அட்டையைப் பார்த்து, ரத்தத்தைத் துப்பிவிட்டு வாசித்தாள். "கல்யாணமே பண்ணிக்காத ஒரே ஜனாதிபதி யாரு?"

தரையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு கிடந்தவர்களில் ஒருவன் முனகினான். "ஜேம்ஸ் புக்கானன். நம்ம பென்சில்வேனியாக்காரரு."

"சரி," என்றாள் வெர்னா. "புத்திசாலி மனுசன்." அதன் பிறகுதான் மயங்கினாள்.

ராய்ஸ் சும்மா விடவில்லை. கட்டுப் போட்டுக்கொண்டே போலீஸில் சொன்னான்: முதலில் அவள்தான் அடித்தாள், மைக்கால் அடித்தாள், அதனால்தான் திருப்பி அடித்தேன். அவன் பயல்களும் பைபிள்மேல் அடித்துச் சத்தியம் செய்யத் தயாராக இருந்தார்கள். எங்கள் மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லாரும் மறுத்தார்கள்தான், ஆனால் எங்களில் பாதிப் பேர் மேலேயே அடிதடி வழக்கு. எங்கள் வார்த்தைக்கு என்ன மதிப்பு? டாலிவர் அம்மா மருத்துவமனைக்கு வந்தபோது கைவிலங்கோடு ஒரு காவலரும் கூட வந்தார். வெர்னா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் மாவுக்கட்டு.

"கை வெச்சியா?" என்றார் டாலிவர் அம்மா.

"இல்லீங்க."

"அவங்க நாலு பேரு வெச்சன்னு சொல்றாங்க."

"நானூறு பேரு சொன்னாலும் இல்லீங்க."

டாலிவர் அம்மா மருத்துவரைக் கூப்பிட்டு எலும்புப் படத்தை வெளிச்சத்தில் பிடிக்கச் சொன்னார். இரண்டு கையிலும் விரல்கள் ஒரே கோட்டில் நசுங்கியிருந்தன. கட்டுப் போடும் முன் நாற்காலி மடிப்பின் அச்சு தோலிலேயே பதிந்திருந்ததாம். நகங்கள் கீழ்நோக்கி, உள்ளங்கை தொடையோடு. மருத்துவர் சொன்னார், இவர் இரண்டு கையின் மேலும் உட்கார்ந்திருந்தால்தான் இப்படி உடையும், மைக்கைப் பிடித்த கை இப்படி உடைய வழியே இல்லை.

டாலிவர் அம்மா வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்தார். பிறகு காவலரிடம், "அதை உள்ள வைங்க," என்றார், விலங்கைக் காட்டி. போகும்போது வெர்னாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போனார்.

பொய்ப் புகாருக்கும் சேர்த்து ராய்ஸ் உள்ளே போனான். அவனுடைய சிவப்பு பிக்கப் மண்டபத்து வாசலில் பனியில் புதைந்து கிடந்தது. போலீஸ் சொல்லி நான்தான் இழுத்து வந்தேன். சட்டப்படி அவனுக்குத் தகவல் அனுப்பினோம், பதில் இல்லை. சட்டப்படி காத்திருந்தோம், யாரும் வரவில்லை. சட்டப்படி அது என்னுடையதானது. என் வாழ்க்கையில் நான் சட்டத்தை அவ்வளவு பொறுமையாகக் கடைப்பிடித்தது அந்த ஒரு வண்டிக்குத்தான்.

ஜூனில் டாலிவர் அம்மாவிடமிருந்து கடைசிக் கையெழுத்து வாங்கி வந்தாள். ஜூலையில் தீயணைப்புச் சங்கத் திருவிழா. ராட்டினம், வறுத்த மாவுப் பண்டம், பட்டாசு எல்லாம் உண்டு, ஆனால் கூட்டம் சேர்வது கார் உடைக்கும் இடத்தில். பழைய வண்டி ஒன்றை என் புல்வெளியில் நிறுத்திவிடுவோம். சீட்டு வாங்கினால் பெரிய சம்மட்டியால் மூன்று அடி அடிக்கலாம். பணம் தீயணைப்பு வண்டிக்குப் போகும். வண்டி கொடுப்பது எப்போதும் நான். அந்த வருடம் சிவப்பு பிக்கப்பைக் கொடுத்தேன்.

நான் வாங்கிக் கொடுத்த சீட்டோடு வெர்னா வரிசையில் நின்றாள். யாரும் அவளை முன்னால் விடவில்லை, அவளும் கேட்கவில்லை. அவள் முறை வந்ததும் பட்ச் கண்ணுக்குக் கவசம் மாட்டிவிட்டு, சம்மட்டியைக் கொடுத்தான். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. மீதி விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

முதல் அடி முன்கண்ணாடியில். வெடித்து, சர்க்கரைபோல் உள்ளே கொட்டியது. கூட்டம் ஆர்ப்பரித்தது.

அவள் நின்றுவிட்டாள். சம்மட்டியைத் தரையில் ஊன்றி, தலை குனிந்து நின்றாள். கவசத்துக்குள் என்ன முகம் என்று தெரியவில்லை. கூட்டம் அடங்கியது. எனக்குப் புரிந்தது. நீதிமன்றத்தில் முதல் அடியைப் பற்றி யாரும் அவளிடம் கேட்கவில்லை.

திரும்பி என்னைத் தேடினாள். "கஸ், ரெண்டாவதுக்குக் கேஸ் உண்டா?"

"என் வண்டி, வெர்னா. என் புல்லு. என் சீட்டு," என்றேன். "அடி."

சம்மட்டியைத் தலைக்கு மேலே கொண்டுபோனாள். தோளிலிருந்து இடுப்பு வரை முழு உடம்பும் அந்த அடியோடு இறங்கியது. கூரை நடுவில் குழிந்து இருக்கையைத் தொட்டது. நாற்பது வருடமாக வண்டி நசுக்குகிறேன், என் இயந்திரம்கூட அவ்வளவு சுத்தமாக இறக்கியதில்லை.

மூன்றாவது அடி பாக்கி இருந்தது. பட்ச் நினைவுபடுத்தினான்.

"வேணாம்," என்றாள். சம்மட்டியை வரிசையில் அடுத்து நின்றவளிடம், மூத்த கன்னியாஸ்திரீயிடம் கொடுத்துவிட்டு, மாவுப் பண்டம் வாங்கப் போனாள்.